தண்ணீர் வடிந்த பிறகு

மூணாறு

அன்புள்ள கவிதாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் பாட்டியும் நலம்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பிள்ளைகளோடு வெள்ளம் புகுந்த வீடுகளைக் கழுவப் போவதாகச் சொன்னாய். தாராளமாகப் போ. ஆனால் ஆஷா சுகாதாரப் பணியில் இத்தனை வருஷம் தேயிலைத் தோட்ட வரிசை வீடுகளில், லயம் லயமாக, ஏறி இறங்கியவள் நான். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

2018 ஆகஸ்ட் நினைவிருக்கிறதா? 26 வருஷம் கழித்து இடுக்கி அணையின் செறுதோணி ஷட்டரைத் திறந்தார்கள். டிவி முழுக்கத் தண்ணீர்தான். தண்ணீர் வடிந்ததும் கேமராக்காரர்கள் போய்விட்டார்கள், எங்களுக்கு வேலை அப்புறம்தான் ஆரம்பித்தது. கேரளம் முழுக்க எலிக்காய்ச்சல். வெள்ளத்துக்குத் தப்பியவர்கள் சிலர், வீட்டுச் சேற்றை வாரப் போய் இந்தக் காய்ச்சலில் செத்தார்கள். எலி மூத்திரத்தில் இருக்கும் கிருமி தேங்கிய தண்ணீரில் கலந்து கிடக்கும். காலில் ஒரு சின்னக் கீறல் போதும், உள்ளே போய்விடும். கீறலே இல்லாவிட்டாலும் ஊறிய தோல் வழியாகவும் கண் வழியாகவும் போகும்.

அதனால் இறங்குவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்து, எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கும் டாக்ஸிசைக்ளின் மாத்திரை கேள். சேற்றில் வேலை செய்கிறவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் என்று இங்கே கொடுத்தோம். சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு போட வேண்டும். உன் கூட வருகிறவர்களில் கர்ப்பிணி இருந்தால் அவளுக்கு இது ஆகாது, டாக்டர் வேறு மருந்து தருவார். மாத்திரைதான் போட்டாச்சே என்று வெறுங்காலோடு நிற்காதே. பூட்ஸும் கையுறையும் கட்டாயம். துணி மூட்டையில் கை வைக்கும் முன் கம்பால் தட்டிப் பார், வெள்ளத்தோடு பாம்பும் வீட்டுக்குள் வரும்.

கிணறு இருக்கிற வீட்டில் பிளீச்சிங் பவுடரை அப்படியே கொட்ட விடாதே. வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு 1000 லிட்டருக்கு 5 கிராம் கணக்கு. வாளியில் குழைத்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிஷம் தெளிய விட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் கிணற்றில் விட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் புழங்கலாம். குடிக்க எப்படியும் கொதிக்க வைக்கச் சொல்.

சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வருகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். வயசானவர்களின் சுகர் மாத்திரையும் இன்சுலினும் தண்ணீரோடு போயிருக்கும், அதை யாரும் கேட்க மாட்டார்கள். நீ கேள். பழைய மருந்துச் சீட்டு கிடைத்தால் போட்டோ எடுத்துக்கொள்.

நம் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியை நீ மறந்திருக்க மாட்டாய். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை சரிந்தது. கரண்டும் இல்லை, போனும் இல்லை, வெளியே தெரிய விடிந்துவிட்டது. செத்துப் போனவர்கள் 70 பேர், அதில் நான்கு பேரின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. பெரும்பாலும் கயத்தாறு பக்கத்து வேர் உள்ள நம் ஜனம். கீழ் லயத்து அக்கா இப்போதும் மழை வலுத்தால் படுக்க மாட்டாள், கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்தே இருப்பாள். "எல்லாம் முடிஞ்சு போச்சு, மறந்துடு" என்று அவளிடம் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அவளுடைய அந்தப் பயமும் மழை விட்டுப்போன நோய்தான். வீடு கழுவும்போது யாராவது உன்னிடம் பேச ஆரம்பித்தால், துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார். ஒரு வீடு குறைவாகக் கழுவினாலும் பரவாயில்லை.

கடைசியாக, இதை உன் கூட வரும் எல்லோருக்கும் சொல். சேற்றில் நின்ற பிறகு ஒரு மாதத்துக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், கெண்டைக்கால் வலித்தாலும், கண் சிவந்தாலும், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு நாள் கடத்தாதே. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், வெள்ளத் தண்ணீரில் நின்றேன் என்பதை முதலில் சொல். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதே.

அன்புடன்
அம்மா