லேத்தை விற்கவில்லை, மாப்பிள்ளை

கப்பலூர்,
வெள்ளி இரவு

அன்புள்ள மாப்பிள்ளை,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

போனில் பேசினால் பாதியிலேயே "பழைய இரும்புக்குப் போடு" என்று ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச வழியில்லை, அதனால் எழுதுகிறேன். அந்த லேத்தை நான் விற்கவில்லை. நீளவாக்கில் நகரும் இசட் அச்சுக்குப் புது ஏசி சர்வோ மோட்டாரும் அதை ஓட்டும் டிரைவும் மாட்டி, நேற்று ஒரு பம்ப் ஷாஃப்ட் கடைந்து எடுத்துவிட்டோம். அளவு கச்சிதம்.

விற்றுத் தொலைக்கலாம் என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது. போன மாதம் டாக்கோ வயர் அறுந்தது. மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பழைய டிசி டிரைவுக்குச் சொல்வது அதுதானே. அது போனதும் மோட்டார் நின்றுகிடக்கிறது என்று எடுத்துக்கொண்டு டிரைவ் மேலும் மேலும் மின்னழுத்தத்தை ஏற்றியது. மிஷினின் கம்ப்யூட்டரான கன்ட்ரோல் அலாரம் கொடுத்து நிறுத்துவதற்குள், டூல்களைத் தாங்கும் டரட் பாய்ந்து, ஜாப்பைப் பிடிக்கும் சக்கில் மோதிவிட்டது. மிஷினில் நின்றது கிருதாவின் மகன். கதவு மூடியிருந்ததால் பிழைத்தான். டூல் துண்டு தெறித்த தடம் கதவுக் கண்ணாடியில் அப்படியே இருக்கிறது. அன்றிரவு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கிருதாவின் மனைவி சத்தம் போடவில்லை. "அண்ணே, இனியும் அவன் அதே மிஷினில்தான் நிற்கணுமா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு வார்த்தையே வரவில்லை.

ஆனால் இரும்பில் ஒரு குறையும் இல்லை, மாப்பிள்ளை. டயல் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டேன். ஸ்லைடு ஓடும் பெட்டில் தேய்மானம் இல்லை, அதை நகர்த்தும் பால் ஸ்க்ரூவில் ஆட்டம் இல்லை. செத்துப்போனது மோட்டாரும் டிரைவும்தான். கவரைத் திறந்தால் உள்ளே ஒரே கரித்தூள். கூலன்ட்டில் குழைந்து, பிரஷ் உரசும் கம்யூட்டேட்டர் தகடுகளுக்கு இடையே அப்பிக்கிடந்தது. பிரஷ்கள் அடிவரை தேய்ந்திருந்தன. இதற்காக அந்த வார்ப்பிரும்பை எடைக்குப் போட எப்படி மனம் வரும்?

"கன்ட்ரோலையும் சேர்த்து மாற்று" என்பாய். கோயம்புத்தூர்க்காரன் ஆகிவிட்டாய், அடியோடு மாற்றினால்தான் உனக்குத் தூக்கம் வரும். எனக்கு விலை சொன்ன ஒரு கம்பெனியும் அதையே சொன்னது. அந்தத் தொகையில் புது மிஷினுக்கே முன்பணம் கட்டிவிடலாம். மாற்றத் தேவையும் இல்லை. கன்ட்ரோல் வெளியே அனுப்புவது பிளஸ் 10 முதல் மைனஸ் 10 வோல்ட் வரையிலான வேகக் கட்டளை. அதை அப்படியே வாங்கிக்கொள்ளும் ஏசி டிரைவ்கள் இன்றும் கிடைக்கின்றன. மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று எண்ணிச் சொல்லும் பழைய என்கோடர் சுற்றுக்கு 2500 பல்ஸ். நான்கால் பெருக்கினால் 10,000. ஸ்க்ரூவின் புரி 10 மில்லிமீட்டர் என்பதால் ஒரு எண்ணிக்கைக்கு ஒரு மைக்ரான். புது டிரைவும் அதே 2500-ஐத் திருப்பி அனுப்பும்படி அமைத்துவிட்டேன். மோட்டார் மாறிய சேதியே கன்ட்ரோலுக்குத் தெரியாது. மலிவாக இருக்கிறதே என்று நிமிடத்துக்கு 3000 சுற்று மோட்டாரை வாங்கவில்லை. இந்தக் கனமான ஸ்லைடை இழுக்க 2000 சுற்றில், நடுத்தர இனர்ஷியா (சுழல் கனம்) உள்ளதுதான் சரி. எதிலும் கை வைப்பதற்கு முன்பே, பவர் ஓடும்போதே மெமரி பேட்டரியை மாற்றி, பாராமீட்டர் அத்தனையையும் நோட்டில் எழுதிக்கொண்டோம்.

ஷாஃப்ட்டைப் போடும் முன் டிரைவுக்கு மின்சாரம் கொடுத்து, மோட்டார் நின்றபடி இருக்க, என்கோடர் பிளக்கைப் பிடுங்கினேன். அந்தக் கணமே டிரைவ் அலாரம் கொடுத்து மோட்டாரை விட்டுவிட்டது. எமர்ஜென்சி பட்டனும் இனி கன்ட்ரோலை நம்பி இல்லை. அழுத்தினால் கான்டாக்டரே விழுந்து மின்சாரத்தை அறுத்துவிடுகிறது. இரண்டையும் கண்ணால் பார்த்த பிறகுதான் பையனைப் பக்கத்தில் விட்டேன். டிரைவ் எவ்வளவு துடிப்பாக இருக்கணும் என்ற கெயினை வைத்தது அவன். மோட்டார் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அதிர்வு தட்டும்வரை ஏற்றி, பிறகு கொஞ்சம் இறக்கினான். அப்பனின் கை அப்படியே வந்திருக்கிறது.

இனி குறுக்கே நகரும் எக்ஸ் அச்சு. பயம் அதில்தான். சாய்ந்த பெட், 45 டிகிரி. மோட்டாரைக் கழற்றினால் டரட்டோடு ஸ்லைடு சரிந்து இறங்கிவிடும். தேக்குக் கட்டை அறுத்து வைத்திருக்கிறேன், முட்டுக் கொடுத்த பிறகுதான் போல்ட்டில் ஸ்பேனர் படும். ஆனால் ஸ்லைடு சரியாமல் பிடிக்கும் பிரேக் விஷயத்தில் உன் மூளை வேண்டும். 24 வோல்ட் வந்தால் விடும், போனால் பிடிக்கும். டிரைவ் ஸ்லைடைத் தாங்கிப் பிடித்த பிறகே பிரேக் விட வேண்டும். நிறுத்தும்போது பிரேக் பிடித்த பிறகே டிரைவ் விட வேண்டும். பழைய ரிலே சர்க்யூட்டில் இந்த வரிசையே கிடையாது. டிரைவின் பிரேக் அவுட்புட்டிலிருந்து எடுக்கலாமா, மிஷினின் வரிசைகளை நடத்தும் பிஎல்சி புரோகிராமில் எழுதலாமா? வரைந்த படத்தை இதோடு வைத்திருக்கிறேன். சிவப்புப் பேனாவை எடுத்து எங்கே வேண்டுமானாலும் கோடு போடு, கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முடிந்தால் அடுத்த ஞாயிறு நேரிலேயே வந்துவிடு. மாட்டுத்தாவணியில் இறங்க வேண்டாம், ஆரப்பாளையத்துக்கு வண்டியோடு வருகிறேன். நீ பார்த்துச் சொல்லாமல் எக்ஸ் அச்சில் கை வைக்கப்போவதில்லை.

மற்றவை நேரில்.

அன்புடன்,
உன் கப்பலூரான்