பட்டாளத்துக்குப் போகும் நம் வீட்டுப் போதகர்

பினாங்கு

அன்புத் தோழி,

உன் கடிதம் வந்து மாதங்கள் கடந்துவிட்டன. கோலாலம்பூருக்குக் குடிபோன பிறகு உனக்குக் கோபம் கூடிவிட்டதென்று கண்ணாடி மாமா சொன்னார்; அதில் எனக்கு உரியதை நேரில் வாங்கிக்கொள்கிறேன். பேத்தியின் தேர்வு முடிவு அறிந்து மனம் நிறைந்தது. நாங்கள் நலமே. இனி, என்னை எழுத உட்கார வைத்த செய்திக்கு வருகிறேன்.

எங்கள் அக்காள் மகன், நீ இடுப்பில் வைத்துக்கொண்டு ஃபெரியில் அக்கரைக்கும் இக்கரைக்கும் அலைந்தாயே அந்த வாண்டு, ஆஸ்திரேலியத் தரைப்படையில் சாப்ளினாக, அதாவது படைவீரர்களுக்குச் சமய ஊழியம் செய்யும் போதகனாகச் சேரப்போகிறான். அங்கே குடியுரிமை பெற்றுப் பல ஆண்டுகளாகச் சபைப் போதகனாக இருப்பவன், இந்த வயதில் முதுகில் மூட்டை சுமந்து நடக்கப் பழகிக்கொண்டிருக்கிறான். அக்காள் சாப்பாட்டை வெறுத்துவிட்டாள். "பிள்ளையைக் கர்த்தருக்குக் கொடுத்தேன், பட்டாளத்துக்கா கொடுத்தேன்?" என்று தொலைபேசியில் அழுகிறாள். கொல்லப் போகிறவனுக்கு ஆசீர்வாதம் கொடுத்து அனுப்புவது ஒரு போதகனுக்கு அழகா என்பது அவள் கேள்வி. அந்தக் கேள்வியைத் தள்ளிவிட என்னாலும் முடியவில்லை. அவனிடமே கேட்டேன். போரை வாழ்த்துவதற்காக அல்ல, போருக்கு அனுப்பப்படுகிறவனைத் தனியே விடாமல் இருப்பதற்காகவே போவதாகச் சொன்னான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அக்காளுக்கு இன்னும் இல்லை.

1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைப்படி சாப்ளின் போரிடுகிறவர்களில் ஒருவராகக் கருதப்படுவதில்லை. எதிரியிடம் பிடிபட்டாலும் அவர் போர்க்கைதி ஆவதில்லை, கைதிகளின் ஆன்மிகத் தேவைக்கு வேண்டியிருக்கும் வரை மட்டுமே அவரைத் தடுத்து வைக்கலாம். இதை அக்காளுக்கு விளக்கிப் பார்த்தேன். குண்டுக்கு உடன்படிக்கை படிக்கத் தெரியுமா என்று கேட்டுவிட்டாள்.

ஆனால் போர்க்களத்தைவிட முகாம் வாழ்க்கையில்தான் அவனுக்கு வேலை அதிகம் இருக்குமென்று நினைக்கிறேன். நமக்கு அது புதிதா? அக்கரையில் ஆஸ்திரேலிய விமானப்படை இருந்த பட்டர்வொர்த் விமானத் தளத்தை நம்பித்தானே நம் தெரு முழுவதும் அடுப்பு எரிந்தது. உன் அம்மா வேலை பார்த்த தஞ்சோங் பூங்கா வீடுகளை நினைத்துப் பார். கணவன் தாய்லாந்தின் உபோனுக்கோ வியட்நாமுக்கோ போயிருப்பான். மனைவி கைக்குழந்தையுடன், இந்த ஊர் வெயிலும் மழையும் பழகாமல், கடிதம் வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த வீடுகளுக்குப் பாதிரியார் வந்து போவதை உன் அம்மா எத்தனை முறை சொல்லியிருக்கிறார். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊர் மாற்றம், பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளி, குடியில் விழும் கணவன், மேலதிகாரியிடம் சொன்னால் வேலைக்கே ஆபத்து என்று வாய் திறக்காத இளைஞன்: இவர்கள் எல்லாரும் அஞ்சாமல் கதவைத் தட்டக்கூடிய ஓர் ஆள் முகாமுக்குள் வேண்டும். பிரிட்டிஷ் கடற்படையில் சாப்ளினுக்குப் பதவி நிலையே கிடையாது, யாருடன் பேசுகிறாரோ அவருடைய நிலையே அவருக்கும் என்பது மரபாம். இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அப்பா அந்தத் தளத்து மருத்துவமனையில் வார்டு வேலை பார்த்தது உனக்குத் தெரியும். வியட்நாமில் காயம்பட்ட ஆஸ்திரேலிய வீரர்களை வுங் தாவிலிருந்து ஹெர்குலிஸ் விமானத்தில் ஏற்றி வந்து, ஓர் இரவு பட்டர்வொர்த்தில் தங்கவைத்து, பிறகு ஊருக்கு அனுப்புவார்கள். அந்த இரவுகளில் கட்டில் கட்டிலாக உட்கார்ந்து, கை கட்டுப்போட்டிருந்த பையன்களுக்காக அவர்கள் தாய்மாருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த பாதிரியாரைப் பற்றி அப்பா சாகும்வரை பேசினார். "ஜெபம் கொஞ்சம்தான் செய்வார், கேட்பது அதிகம்" என்பார். பேரன் அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவன்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியதற்கு வருகிறேன். கான்பராவில் டன்ட்ரூன் இராணுவக் கல்லூரி வளாகத்தில் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. சிங்கப்பூர் சாங்கியில் 1944இல் போர்க்கைதிகள் தங்கள் கையாலேயே கட்டிய ஆலயம் அது. பிரித்து எடுத்துச் சென்று, 1988இல் அங்கே நினைவுச் சின்னமாக நிறுவினார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த இரவு அவன் என்னை அழைத்தான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதையில் செத்த கைதிகளுக்குக் குருமார் ஜெபித்து அடக்கம் செய்ததையும், யார் எங்கே புதைக்கப்பட்டார் என்று காவலுக்குத் தெரியாமல் எழுதி ஒளித்து வைத்தவர்கள் இருந்ததையும் சொன்னான். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருப்பதற்கு அந்தக் குறிப்புகளும் ஒரு காரணம். பிறகு, "சின்னம்மா, நம் ஆட்களுக்கு யார் எழுதினார்கள்?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் தமிழர்களையும் அந்தப் பாதை போட ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். காலராவில் விழுந்தவனுக்குத் தேவாரம் பாட ஒரு பண்டாரம் இல்லை, ஜெபிக்க ஒரு போதகர் இல்லை, பெயரைக் குறித்துக்கொள்ள ஒரு துண்டுக் காகிதம் இல்லை. திரும்பி வந்தவன் சொன்னால் உண்டு, இல்லையென்றால் இல்லை. உன் தாத்தா போன பிறகு உன் பாட்டி பொட்டை அழிப்பதா வைத்திருப்பதா என்று தெரியாமல் எத்தனை ஆண்டுகள் இருந்தார்! உங்கள் வீட்டில் திதி கொடுக்க நாள் தெரியாமல் ஆடி அமாவாசைக்குக் கொடுத்து வந்ததை நான் சிறுமியாய் இருந்தபோதே பார்த்திருக்கிறேன், அப்போது ஏனென்று கேட்கத் தோன்றவில்லை. ஒரு மனிதன் இறந்தான் என்பதை அவன் வீட்டுக்கு வந்து சொல்ல, சாப்ளினைப் போல ஒருவரை நியமித்து வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அக்காளிடமும் இதையே சொன்னேன். முதல்முறையாக அழாமல் கேட்டாள்.

ஆஸ்திரேலியக் காலாட்படைக் கம்பெனி ஒன்று 1970 முதல் சுழற்சி முறையில் பட்டர்வொர்த்துக்கு வந்து தங்கிப் போகிறது அல்லவா, அதனுடன் என்றாவது தன்னையும் அனுப்புவார்கள் என்று அவன் ஆசைப்படுகிறான். வந்தால் அங்கிருந்து விடுப்பெடுத்துக் காஞ்சனபுரிக்கும் போவானாம். உன் தாத்தாவின் பெயரை அங்கே சொல்லி ஜெபிக்க அனுமதி கேட்கச் சொன்னான். அவர் திருநீறு பூசியவர் என்று சொன்னேன். அப்படியானால் ஜெபத்துக்குப் பதில் எதைப் பாட வேண்டுமென்று கேட்டு எழுதுங்கள், படித்துக்கொள்கிறேன் என்றான்.

ஆகவே தாத்தாவின் முழுப் பெயர், அவருடைய அப்பா பெயர், தமிழ்நாட்டில் எந்த ஊர், எந்தத் தோட்டத்திலிருந்து கொண்டுபோனார்கள் என்பதை உன் பெரியப்பா மகனிடம் விசாரித்து எழுது. அவருக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டேன், தள்ளிப்போடாதே. எந்தப் பதிகம் என்பதையும் நீயே முடிவு செய்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி