டாட் ஆர்க் தப்பியது, ஆனால் விதிகளால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சின்ன நூலக அறக்கட்டளைக்கு நான்தான் இணையதளம் பார்த்துக்கொள்கிறேன். அதன் முகவரி டாட் ஆர்க் (.org) என்று முடியும். 2020இல் ஒரு தனியார் நிறுவனத்தின் கைக்குப் போகாமல் தப்பியதே, அதே டாட் ஆர்க்தான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை திறந்தால் தளத்தைக் காணோம், வெள்ளைத் திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி மட்டும் இருந்தது. முகவரி பதிவில் கொடுத்திருந்த மின்னஞ்சல் காலமாகிவிட்ட பழைய செயலாளருடையது. அதைச் சரிபார்க்கச் சொல்லி வந்த கடிதத்தை யாரும் பார்க்கவில்லை, பதினைந்து நாள் கெடு முடிந்ததும் முடக்கிவிட்டார்கள். சரி, அது எங்கள் கவனக்குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைத் திறக்க வைப்பதற்குப் பதினோரு நாள் ஆனது. முகவரியை விற்ற நிறுவனத்தைக் கேட்டால் விதி மேலே இருந்து வருகிறது என்றார்கள், மேலே யார் என்று கேட்டால் பதில் இல்லை.

அந்த 'மேலே' யார் என்று தேடிப் போய்த்தான் ஐகேன் என்ற அமைப்பைப் பற்றி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் பதிவான, லாப நோக்கமில்லாத அமைப்பு. டாட் காம், டாட் ஆர்க், டாட் இன் என்று உலகத்தில் இணைய முகவரிகள் முடிகிற அத்தனை சொற்களுக்குமான தலைமைப் பட்டியலைப் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. தமிழிலேயே முடிகிற .இந்தியா, .சிங்கப்பூர், .இலங்கை மூன்றும் அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. அதனால் இது எங்கோ நடக்கிற விஷயம் என்று நம்மால் விட்டுவிட முடியாது.

2016 வரை இந்த அமைப்புக்கு மேல் அமெரிக்க அரசின் வணிகத் துறை ஒப்பந்தம் போட்டு ஒரு கண் வைத்திருந்தது. அந்தக் கண்ணை எடுத்துவிடப் போகிறோம் என்று 2014 மார்ச்சில் அறிவித்தார்கள். அப்படியானால் ஐகேன் தப்பு செய்தால் யார் கேட்பது? அதற்கு விடை தேட ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழு செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. புதுப் பாலம் கட்டினால் மணல் மூட்டை ஏற்றிய லாரிகளை வரிசையாக நிறுத்தித் தாங்குகிறதா என்று பார்ப்பார்களே, அதுபோல புதிதாக எழுதிய விதிகளின் மேல் மோசமான சூழ்நிலைகளை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தார்கள். வங்கிகளுக்குச் செய்கிற அதே ஸ்டிரெஸ் டெஸ்ட்தான். பணம் வற்றிப்போனால்? அதிகாரி ஊழல் செய்தால்? ஒரு கும்பல் அமைப்பையே வளைத்துப் போட்டால்? இப்படி மொத்தம் 37 சூழ்நிலைகள். அதில் 18ஆவதுதான் பெரிய சண்டையைக் கிளப்பியது. ஐகேனுக்குள் உலக நாடுகளின் பிரதிநிதிகள் உட்காரும் அரசுகளின் ஆலோசனைக் குழு, ஒருமித்த கருத்து என்ற வழக்கத்தை விட்டுவிட்டுப் பெரும்பான்மை வாக்கில் ஆலோசனை சொல்ல ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பது கேள்வி. பல நாடுகள் கோபப்பட்டன. கடைசியில், ஒருமித்து வரும் ஆலோசனைக்கு மட்டும் தனி மதிப்பு, அதை நிராகரிக்க இயக்குநர் குழுவில் 60 சதவீத வாக்கு வேண்டும் என்று முடிந்தது. 2016 செப்டம்பர் 30 நள்ளிரவோடு அமெரிக்க ஒப்பந்தம் காலாவதியானது. அதற்கு முன்பே பட்ஜெட்டை மறுக்கவும், தேவைப்பட்டால் இயக்குநர் குழுவையே கலைக்கவும் முகவரி நிறுவனங்கள், அரசுகள், பயனாளர்கள் எனப் பல தரப்பும் சேர்ந்த சமூகத்துக்கு அதிகாரம் எழுதி வைத்துவிட்டார்கள்.

காகிதத்தில் அருமையான ஏற்பாடு. மூன்றே வருடத்தில் நிஜ லாரி வந்து நின்றது.

டாட் ஆர்க் முகவரிக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் விலை ஏற்றக் கூடாது என்று ஒரு வரம்பு இருந்தது. அதை எடுக்கலாமா என்று 2019இல் ஐகேன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன, பெரும்பாலும் எடுக்காதீர்கள் என்றுதான் எழுதியிருந்தார்கள். ஜூன் 30 அன்று எடுத்துவிட்டார்கள். நவம்பரில், டாட் ஆர்க்கை நிர்வகிக்கும் அமைப்பையே ஈத்தோஸ் கேப்பிடல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனம் 113.5 கோடி டாலருக்கு வாங்கப் போவதாகச் செய்தி வந்தது. அந்த நிறுவனத்துக்கு ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர் ஃபாடி ஷெஹாடே, அந்த 37 சோதனைகளும் நடந்த காலத்தில் ஐகேனின் தலைமை நிர்வாகியாக இருந்தவர். விற்பனை நடந்திருந்தால் டாட் ஆர்க்கின் தலையில் 36 கோடி டாலர் கடன் ஏறியிருக்கும். வட்டியை யார் கட்டுவது? எங்கள் நூலகம் மாதிரி ஆட்கள்தானே.

இங்கேதான் என் ஆதங்கம். புதிதாகக் கொடுத்த அந்தப் பெரிய அதிகாரங்களில் எதுவும் இந்த விற்பனையைத் தொடவே இல்லை. பட்ஜெட்டை மறுக்கலாம், இயக்குநரை நீக்கலாம், ஆனால் டாட் ஆர்க்கை நடத்துவதற்கான ஒப்பந்தம் இன்னொருவர் கைக்கு மாறுவதை நேரடியாகத் தடுக்க சமூகத்துக்கு வழியில்லை. நான் படித்த வரையில் அந்த 37இல் இப்படி ஒரு சூழ்நிலையே கிடையாது. தொண்டு நிறுவனங்கள் லாஸ் ஏஞ்சலீஸில் ஐகேன் அலுவலக வாசலில் போய் நின்றன, கையெழுத்து இயக்கம் நடந்தது, 2020 ஏப்ரல் 15 அன்று கலிஃபோர்னியாவின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் எதிர்த்துக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 30 அன்று ஐகேன் விற்பனைக்கு ஒப்புதல் தர மறுத்துவிட்டது. மறுத்தது நல்லது, மனசார வரவேற்கிறேன். ஆனால் அமைப்பு கலிஃபோர்னியாவில் பதிவாகியிருந்ததால் அங்கே ஓர் அதிகாரி கேட்க முடிந்தது. கும்பகோணத்திலிருந்து நான் எழுதியிருந்தால் யார் படித்திருப்பார்கள்?

அப்புறம் அந்த விலை வரம்பு. இணைய முகவரிகளை விற்கும் ஒரு நிறுவனம் ஐகேன் விதிப்படியே மறுஆய்வுக்குப் போனது. முடிவு எடுத்த விதம் ஐகேனின் சொந்த விதிகளுக்கே முரண் என்று தீர்ப்பாளர்கள் சொன்னார்கள். சொன்னது 2022 டிசம்பரில், அதாவது மூன்றரை வருடம் கழித்து. அந்த அளவுக்கு வக்கீல் வைத்து நடத்தும் வசதி எந்த நூலகத்துக்கு இருக்கிறது?

ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது பொறுப்புடைமை மறுஆய்வு நடக்க வேண்டும் என்று ஐகேனின் விதியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்த 37 சூழ்நிலைகளையும் புதிதாக ஏற்றிப் பார்க்க வேண்டும், இடையில் நிஜமாகவே நடந்தவற்றைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். என்னைக் கேட்டால் முதலில் சேர்க்க வேண்டியது இது: ஆங்கிலம் சரளமாக வராத, வக்கீல் வைக்க முடியாத ஒரு சாதாரண முகவரிதாரர் புகார் கொடுத்தால் எத்தனை நாளில், யாரிடமிருந்து, எந்த மொழியில் பதில் வரும்? யாராவது நிஜமாகவே ஒரு புகார் கொடுத்து, கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்து பார்க்கட்டும். அரசுகளின் ஆலோசனைக் குழுவில் இந்தியாவும் உட்கார்ந்திருக்கிறது. நம் பிரதிநிதிகள் இதை அங்கே கேட்க வேண்டும், கேட்டார்களா என்று நம் எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.

உங்கள் நாளிதழும் இதைப் பற்றித் தமிழில் விரிவாக ஒரு கட்டுரை வெளியிட்டால் நன்றாக இருக்கும். அந்தப் பதினோரு நாள் கடிதப் போக்குவரத்து முழுவதையும் அச்செடுத்து ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். உங்கள் செய்தியாளருக்குப் பயன்படும் என்றால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.