சீன ரசிகர்கள் சீன முகத்தைத் தேடவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹாலிவுட் படங்களின் சீனச் சந்தை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தணிக்கை பற்றிச் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், மேற்கத்திய மாயாஜாலக் கதைகள் சீனர்களுக்கு அந்நியமானவை, ஒரு சீன நடிகரையோ சீனக் கதையையோ சேர்த்தால்தான் அங்கே எடுபடும் என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை. நான் 2012 முதல் 2018 வரை சீனாவில் மருத்துவம் படித்தவள். அங்கே பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

2016 ஜூன் 7 நள்ளிரவு, அதாவது 8ஆம் தேதி பிறந்ததும், அதே பெயருள்ள கணினி விளையாட்டை வைத்து எடுத்த ஹாலிவுட் படமான ‘வார்கிராஃப்ட்’டின் முதல் காட்சி. அதற்கடுத்த நாள் டிராகன் படகுத் திருவிழா விடுமுறை. எங்கள் விடுதிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர், தமிழ் மாணவர்களான எங்கள் நாலு பேரையும் தன்னோடு அழைத்துப் போனார். அவருக்கு முப்பது வயதிருக்கும், கைக்குழந்தை ஒன்று உண்டு. அரங்கம் முழுக்க அவர் வயதுக்காரர்கள்தான். ‘வெய்லெ புலுவோ!’ என்று யாரோ ஒருவர் கத்த, மொத்த அரங்கமும் திருப்பிக் கத்தியது. ‘நம் கூட்டத்துக்காக!’ என்று பொருள்; விளையாட்டில் வரும் ஒரு படையின் போர்க்குரல் அது. ஒரு காட்சியில் இளம் மந்திரவாதி காவலாளி ஒருவனை ஆடாக மாற்றிவிடுவான். எங்களுக்கு அதில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. அவர்களோ எழுந்து நின்று கைதட்டினார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, ‘என்னை எத்தனை தடவை ஆடாக மாற்றியிருக்கிறார்கள் தெரியுமா’ என்றார். விளையாட்டில் அவரை அப்படி மாற்றியவர்கள் கல்லூரி அறைத் தோழர்கள்.

அந்தப் படம் அமெரிக்காவில் 5 கோடி டாலரைக்கூடத் தொடவில்லை. சீனாவில் மட்டும் சுமார் 22 கோடி டாலர். அதன் கதையில் சீனாவின் வாடையே கிடையாது. பிறகு எப்படி ஓடியது? ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டு 2005இலேயே அங்கே வந்துவிட்டது. வீட்டில் டிவியோடு இணைத்து ஆடும் கன்சோல் கருவிகளை விற்க 2000 முதல் 2014 வரை தடை இருந்ததால், இளைஞர்கள் ‘வாங்பா’ எனப்படும் நெட் சென்டர்களில் கணினி முன்னால் வரிசையாக உட்கார்ந்து சேர்ந்து ஆடினார்கள். பதினோரு வருடம் அந்த உலகத்தில் குடியிருந்தவர்கள்தான் அன்று தியேட்டருக்கு வந்தார்கள்.

கட்டுரையில் அடியோடு விடுபட்டுப்போனது மொழிபெயர்ப்பு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. விளையாட்டில் வரும் ஸ்டார்ம்விண்ட் நகரம் சீனத்தில் ‘பாவ்ஃபெங்செங்’, புயல் நகரம். அயர்ன்ஃபோர்ஜ் ‘தியெலூபாவ்’, இரும்பு உலைக் கோட்டை. ஒலியை அப்படியே எழுதிவிட்டுப் போகாமல், சீனக் காதுக்குப் பழைய ஊர்ப் பெயர் போலவே கேட்கும்படி செய்திருக்கிறார்கள். மந்திரவாதிக்கு ‘ஃபாஷி’ என்று பெயர். பௌத்தத் துறவிகளை மரியாதையாக அழைக்கும் சொல் அது. எங்கோ ஐரோப்பியக் காட்டில் நீளத் தாடியோடு திரிந்த கிழவன் இந்த ஒரே சொல்லால் அவர்கள் ஊர் மடத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான். அதே பெயருள்ள பகடை விளையாட்டை வைத்து 2023இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ படத்துக்கும் இப்படித்தான். ஆங்கிலத் தலைப்பில் வெறும் ‘திருடர்கள்’. சீனத் தலைப்பில் ‘சியாதாவ்’. தர்மம் காக்கத் திருடும் வீரனுக்கு அவர்களிடம் உள்ள சொல்.

மாறாக, சீனர்களுக்கென்றே தைத்துக் கொடுத்த படம் என்ன ஆனது என்று பாருங்கள். 2020 செப்டம்பரில் டிஸ்னியின் ‘முலான்’ வந்தது. சீனக் கதை, சீன நடிகர்கள், லியு யிஃபெய், ஜெட் லி, கோங் லி என்று பெரிய பெயர்கள். சீனாவில் வசூல் சுமார் 4 கோடி டாலர். திருட்டுப் பிரதி முன்கூட்டியே பரவியதும், கொரோனாவால் தியேட்டரில் பாதி இருக்கைகளை விற்க முடியாததும் உண்மைதான். ஆனால் பார்த்தவர்களே மனம் நொந்து பேசினார்கள். உடலில் ஓடும் ‘ச்சி’ எனும் உயிர்மூச்சை யாரோ ஒருத்திக்கு மட்டும் வாய்த்த மந்திர சக்தி மாதிரி காட்டிவிட்டார்கள், படத்தில் வரும் சாம்பலிலிருந்து எழும் பறவை நம் புராணப் பறவையான ஃபெங்ஹுவாங் இல்லை என்றார்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் முதல் ‘ஹாரி பாட்டர்’ படத்தை மறுவெளியீடு செய்திருந்தார்கள். 19 வருடப் பழைய படம். அதுவே இரண்டரைக் கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2000ஆம் ஆண்டிலிருந்து அந்தப் புத்தகங்களைச் சீனத்தில் படித்து வளர்ந்தவர்கள், இப்போது பிள்ளைகளோடு போனார்கள்.

தணிக்கை இந்த ரசிகர்களை வதைத்தது என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. பேய், மூடநம்பிக்கை என்று காரணம் சொல்லி ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ இரண்டாம் பாகத்தை 2006இல் உள்ளே விடவே இல்லை. 2007இல் வார்கிராஃப்ட் விளையாட்டின் எலும்புக்கூடுகளுக்குச் சதை வைத்து மூடினார்கள். லியாவ்ஜாய் பேய்க்கதைகளை முந்நூறு வருடமாகப் படிக்கிற ஒரு நாட்டில் எலும்பைக் கண்டு யார் பயப்படப்போகிறார்கள்? அப்புறம், ஒப்பந்தத் தகராறில் 2023 ஜனவரியில் அந்த விளையாட்டே சீனாவில் நின்றுபோனது. திரும்பி வர ஒன்றரை வருடம் ஆனது. ஜெராக்ஸ் கடைக்காரர் கடைசி நாள் இரவில் தன் பாத்திரத்தைப் புயல் நகரத்து வாசலில் உட்கார வைத்து ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார்.

திரையே இல்லாத விளையாட்டையும் சொல்ல வேண்டும். பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை சொல்லி ஆடுவதை ‘பாவ்துவான்’ என்கிறார்கள். என்னோடு படித்த சீன மாணவர்கள் கியூகியூ எனும் அரட்டைச் செயலியிலேயே ஆடுவார்கள். பகடை உருட்டித் தர ஒரு நிரல், அதற்குச் செல்லப் பெயர் ‘பகடைப் பெண்’. தடித்தடியான ஆங்கில விதிநூல்களை இரவு விழித்துச் சீனத்தில் பெயர்த்தவர்களும் இப்படிப்பட்ட ரசிகர்கள்தான். ஒரு பைசா வாங்காமல் செய்தார்கள்.

சீனச் சந்தை பற்றி அடுத்து ஒரு கட்டுரை வருமானால், வசூல் பட்டியலோடு இந்த மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவரது பேட்டியையும் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பேட்டியைச் சீனத்திலிருந்து தமிழுக்குப் பெயர்த்துத் தர நான் தயார்.

இப்படிக்கு,
மருத்துவர், வாசகி
சேலம்