ஒரு பிறைத் துண்டுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். இடக்கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆகிறது. நேரில் பார்த்தவர்களிடம் நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதினால்தான் என் மனம் ஆறும்.

முதலில் இங்கே சிங்கப்பூரில், ஈசூன் கண்ணாடிக் கடை அக்காவுக்கு. ஒன்றரை வருடத்தில் மூன்று கண்ணாடி மாற்றியிருந்தேன், வேறொரு கடையில். "பவர் ஏறியிருக்கு" என்பதற்கு மேல் அங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை. துணைப்பாட வகுப்பில் கட்டுரை திருத்தும்போது ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே அதன் நிழல் மாதிரி இன்னோர் எழுத்து தெரியும். இரவில் பேருந்து எண் மூன்றாகத் தெரியும், தெருவிளக்குக்கெல்லாம் வால் முளைக்கும். நீங்கள்தான் அக்கா, "கண்ணை ரொம்பக் கசக்குவியாம்மா?" என்று கேட்டீர்கள். "இப்போதைக்குக் கண்ணாடி வேண்டாம், முதலில் டாக்டரைப் பார்" என்று வந்த வியாபாரத்தை விட்டுவிட்டு என்னை அனுப்பினீர்கள்.

கெரட்டோகோனஸ் என்றார்கள். கருவிழியின் தடிமனே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். அதுவும் மெலிந்து, கூம்பு மாதிரி முன்னால் பிதுங்குகிற நோய் இது. டாக்டர் என் கருவிழியின் வரைபடத்தைத் திரையில் காட்டினார். நடுவுக்குக் கொஞ்சம் கீழே சிவப்பாக ஒரு மேடு. கருவிழியின் ஓரத்தில் வளைவாக ஒரு துண்டைச் செருகினால் நடுப்பகுதி இழுபட்டுத் தட்டையாகும் என்று தாளில் வரைந்தே விளக்கினார். பிளாஸ்டிக் வளையமும் உண்டு. எனக்கு வைத்ததோ தானமாக வந்த கருவிழியிலிருந்து வெட்டிய பிறை வடிவத் துண்டு. சென்னை மருத்துவர் சூசன் ஜேக்கப் உருவாக்கிய முறை அது. வளையமோ துண்டோ வடிவத்தைத்தான் சரிசெய்யும், நோய் வளர்வதைத் தடுக்காது என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. அதற்காக அப்புறம் வைட்டமின் பி2 சொட்டு விட்டு, புற ஊதா ஒளி காட்டிக் கருவிழியை உறுதிப்படுத்தினார். என் கேள்விகளுக்கெல்லாம் அவசரப்படாமல் பதில் சொன்ன உங்களுக்கு நன்றி, டாக்டர்.

துண்டைச் செருகக் கருவிழிக்குள் லேசரால் சுரங்கம் மாதிரி வழி போட்டது சில நொடிதான். ஆனால் கருவி கண்ணை அழுத்தியதும் எல்லாம் இருட்டிப்போனது. வலி இல்லை, பயம்தான். அந்த இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படித்தான்மா இருக்கும், திரும்ப வந்துடும்" என்று தமிழில் சொன்ன தாதிக்கு என்ன கைம்மாறு செய்வேன்?

பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அத்தை), வேளை தவறாமல் வந்து சொட்டு மருந்து விட்டீர்கள். என் கை கண்ணுக்குப் போனாலே "ஜாங்கான் கோசோக்!" என்று அதட்டுவீர்கள். தேய்க்காதே என்ற அந்த அதட்டல் இப்போதும் காதில் இருக்கிறது, கையும் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

கடைசியாக, கருவிழி தானம் தந்த, பெயர் தெரியாத உங்களுக்கு. இந்த நாட்டில் 2004 முதல் கருவிழியும் உறுப்பு மாற்றுச் சட்டத்துக்குள் வருகிறது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விலகாதவர்களை அது தானம் தருபவராகவே எடுத்துக்கொள்ளும். நீங்கள் அப்படி விலகாமல் இருந்தவரா, தானாகவே எழுதிக் கொடுத்தவரா, வேறு நாட்டவரா, எதுவும் எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டார் அழுதுகொண்டிருந்த நேரத்தில்தான் இந்தத் துண்டு என்னை நோக்கிப் புறப்பட்டிருக்கும். அதை நினைக்காமல் என்னால் கண்ணாடியில் முகம் பார்க்க முடியவில்லை.

மூக்குக்கண்ணாடி இன்னும் போடுகிறேன். ஆனால் அந்த நிழல் எழுத்து வெகுவாக மங்கிவிட்டது. போன சனிக்கிழமை ஒரு பிள்ளை 'மழலை' என்று எழுத வேண்டிய இடத்தில் 'மழழை' என்று எழுதியிருந்தாள். தாளைக் கிட்டே கொண்டுபோகாமலே அது கண்ணில் பட்டது. சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் உங்களை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.