காஞ்சனாபுரிக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். விடுமுறைக்குத் தோழிகளுடன் தாய்லாந்தின் காஞ்சனாபுரி போகிறாயாமே, அம்மா சொன்னாள். போய் வா. குவாய் ஆற்று ரயில் பாலத்தில் நின்று படம் எடுத்ததோடு திரும்பிவிடாதே.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பிடித்து, சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ரயில் பாதை போடவைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் ஊருக்குள் இருக்கிறது. கிட்டத்தட்ட 7,000 பேர். புல் வெட்டி, பூச்செடி வைத்து, ஒவ்வொரு தலைமாட்டிலும் பெயர் பொறித்திருக்கிறார்கள். 1945-இல் போர் முடிந்த கையோடு ஒரு குழு அந்தப் பாதை நெடுகப் போய், கைதிகள் ஒளித்துவைத்த குறிப்புகளைக் கொண்டு 10,000-க்கும் மேற்பட்ட குழிகளைத் தேடிப்பிடித்தது. அங்கேயும் கும்பிடு. எந்தத் தாய் பெற்ற பிள்ளைகளோ.

நம்மவர்களை அப்படி எவரும் தேடவில்லை. அதே 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஜப்பானியர் கொண்டுபோனார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று ஆசை காட்டினார்கள். ஆள் சேராதபோது பிடித்தே ஏற்றினார்கள். கைதிகளுக்குள் மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று சொல்லவாவது ஆள் இருந்தது. நம்மவர்களுக்கு அதுவும் இல்லை. 1943 மழையில் காலரா வந்ததும் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். ஒரே குழியில் தள்ளினார்கள், எரித்தார்கள். கைதிகளில் இறந்தவர்கள் 12,000-க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 90,000 என்கிறார்கள். அது மதிப்பீடுதான். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்ட மனிதர்கள், செத்தபோது எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

என் பெரியப்பா அவர்களில் ஒருவர். பொட்டை அழிக்கச் சொன்ன உறவுக்காரர்களிடம், "பிணத்தைக் காட்டுங்கள், அழிக்கிறேன்" என்றாராம் பெரியம்மா. சாகும்வரை அவர் நெற்றியில் குங்குமம் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். இறந்த நாள் தெரியாததால் திதியும் இல்லை.

பாலத்துக்குப் பக்கத்தில் 1944-இல் ஜப்பானியர் எழுப்பிய நினைவுச்சின்னத்தில் தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். கொண்டுபோய்க் கொன்றவர்களுக்கு வந்த நினைப்பு, பின்னால் வந்த அரசுகளுக்கு இத்தனை காலம் வரவில்லையே என்று எனக்கு வயிறு எரிகிறது. வாட் தாவோர்ன் வராராம் கோயிலில் 2023-இல்தான் தமிழர்கள் சேர்ந்து ஒரு நடுகல் வைத்தார்கள். அங்கே கட்டாயம் போ. பெரியப்பாவின் பெயர், தகப்பன் பெயர், தோட்டம் மூன்றையும் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நடுகல்லின் முன் வாய்விட்டுப் படி.

திரும்பியதும் சுங்கைப் பட்டாணி அத்தையைப் போய்ப் பார். அவருடைய மாமனாரும் சயாமுக்குப் போனவர். அந்தத் தோட்டத்திலிருந்து கூடப் போனவர்களின் பெயர்கள் அத்தைக்கு இன்னும் தெரியும். ஒன்றுவிடாமல் எழுதிக்கொள், குரலையும் பதிவுசெய். தீபாவளிவரை தள்ளிப்போடாதே, அவருக்கு ஞாபகம் தப்பிக்கொண்டு வருகிறது.

அன்புடன்,
அப்பா