பேரை மூடிக்கொண்டு வாசி

வெள்ளவத்தை,
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகன்,

நாங்கள் சுகம். அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் கூடத்தான், பயப்பட ஒண்டுமில்லை. மாமி வீட்டு விசயம் நீ சொன்ன மாதிரியே முடிஞ்சுது. மிச்சத்தைப் போனில சொல்லுறன், நீ எடுத்தால்.

போன கிழமை உன்ர பற்ச் பெடியள் ரெண்டு பேர் வந்தவை. 2015 பிரியாவிடை மலரில மிச்சக் கொப்பி இருக்கோ எண்டு கேட்டு. பத்து வருசம் முடிஞ்சதுக்கு அதே 43 பேரையும் வைச்சுத் திரும்ப ஒரு மலர் போடுகினமாம். ஆளுக்கு ஒராளைப் பற்றி 90 சொல். 42 வந்திட்டுதாம். உன்ரதுக்காகத்தான் அச்சகத்துக்குக் குடுக்காமல் வைச்சிருக்கினம். அவனுக்கு வேலை கூட எண்டு சொன்னன். எங்க வேலை எண்டு கேட்டவை. பழைய இடம்தான் எண்டன். சரிதானே?

எழுத வரேல்லையோ எண்டு நினைச்சு, மலர்ப் பொறுப்பில இருந்த காலம் பிள்ளையளுக்குச் சொன்னதையே உனக்கும் எழுதுறன். உனக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் வாசி.

முதல் வேலை, "அன்பானவன், பண்பானவன், நட்புக்கு இலக்கணம்" எல்லாத்தையும் வெட்டு. அது எந்தப் படத்துக்குக் கீழயும் ஒட்டும். பேரைக் கையால மூடிப்போட்டு வாசி. மூண்டாவது வரிக்குள்ள வகுப்பு ஆளைப் பிடிக்காட்டி கிழிச்சுப் போடு. நான் சீட்டில மூண்டு கேள்விதான் குடுக்கிறனான்: ஒவ்வொரு நாளும் என்ன சொல்லுவான், பையில என்ன இருக்கும், மற்றவன் மாட்டுப்பட்டால் இவன் என்ன செய்வான். மூண்டாவதுக்குப் பதில் வராட்டி எழுதுறவனுக்கு ஆளைத் தெரியாது எண்டு அர்த்தம். உயிர்ச் சினேகிதனுக்கு அந்தச் சீட்டைக் குடுக்கிறேல்லை. அவன் ரெண்டு பேருக்கு மட்டும் விளங்குற பகிடி எழுதுவான். ரெண்டு வாங்கு தள்ளி இருந்தவன்தான் வடிவாப் பாத்திருப்பான்.

உங்கட மலரிலயே நல்லது கிடந்தது. மட்டக்குளியில இருந்து 155 பஸ்ஸில வாறவன் ஒரு நாளும் பிந்தேல்லை, பள்ளிக்கூடத்துக்கு முன் ஒழுங்கையில இருந்தவன் மணி அடிச்சாப் பிறகுதான் பல்லு விளக்குறவன். ரெண்டு பேரையும் பக்கத்தில பக்கத்தில போட்டம். மடக்கை அட்டவணை ஒரு நாளும் கொண்டுவராதவன், ஆனால் ஆரின்ர அட்டவணை எந்தப் பையில எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். ரியூசனில முழிச்சிருக்கவேணும் எண்டு பள்ளிக்கூடத்தில நித்திரை கொண்டவனைப் பற்றி ரெண்டே வரி. அதுக்கு அவன்ர அம்மாவே சிரிச்சவ.

சிரிப்பு அவன் செய்யிறதில இருந்து வரவேணும். நிறம், உடம்பு, கொன்னை, தகப்பன்ர தொழில் ஒண்டும் தொடாதே. மலையகத்தான், மட்டக்களப்பான், யாழ்ப்பாணத்தான் எல்லாரும் ஒரே வகுப்பில இருந்தபடியால் மற்றவன்ர கதை பேச்சைப் பழிக்கிறதுதான் சுகமான பகிடி. அதையும் விடு. காதல் கதை வேண்டாம், மலர் வீட்டுக்குப் போகும், தகப்பன் வாசிப்பார். இப்ப மனிசிமாரும் வாசிப்பினம்.

எதிர்காலம் சொல்லாதே. அப்ப மலர் ஆனியில அடிச்சது, உயர்தரச் சோதினை ஆவணியில, முடிவு அடுத்த வருசம். "நாளைய வைத்தியர்" எண்டு அச்சில வந்த பிள்ளை, பல்கலைக்கழகத்துக்கு எடுக்கிற இசட் புள்ளி காணாமல் நிக்கேக்க அந்தப் புத்தகத்தை என்ன செய்யும்?

யுனிகோட்டில அனுப்பு. பழைய பாமினி எழுத்துருவில அடிச்சதை அது இல்லாத கொம்பியூட்டரில திறந்தால் "அம்மா" எண்ட சொல்லே இங்கிலிஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாத்தான் நிக்கும். அச்சகத்தில திரும்பப் பாமினிக்கு மாத்தேக்க கொம்புகள் இடம் மாறும், ஏனெண்டால் பாமினியில கொம்பை எழுத்துக்கு முன்னால அடிக்கிறது, யுனிகோட்டில அது எழுத்துக்குப் பின்னால பதியும். அதால ஒப்புப் பாக்கேக்க ஒராள் சத்தமா வாசிக்க மற்றாள் பாக்கவேணும். தனியப் பாத்தால் கண் தானே திருத்திப்போட்டு ஓடிவிடும். கிரிக்கெட் முடிச்சு சேட் மாத்தாமல் வகுப்புக்கு வாற பெடியனுக்கு "நல்ல மனம் உள்ளவன்" எண்டு எழுதி "நல்ல மணம் உள்ளவன்" எண்டு வந்தது தெரியும்தானே. அந்த ஒரு பிழையைத்தான் நான் திருத்த மனமில்லாமல் பாத்துக்கொண்டு இருந்தனான்.

ஒரு பக்கத்துக்கு நாலு பேர், 43 பேருக்கு 11 பக்கம், ஒரு கட்டம் மிஞ்சும். அப்ப அதைக் கன்ரீன் அக்காவுக்குக் குடுத்தம். நடுவில பின் அடிக்கிற புத்தகம் எண்டபடியால் பக்கம் நாலு நாலாத்தான் கூடும். நீ எழுதாட்டி ஒரு கட்டம் வெறுமையா நிக்கும். படம் வீட்டு வாசல் நிழலில எடுத்து அனுப்பட்டாம். மெலிஞ்சிருந்தாலும் பரவாயில்லை, அனுப்பு. பழைய இடம்தானே, மகன்?

நீ எழுதவேண்டிய ஆள் உன்னைப் பற்றி எழுதினவன்தான். அவன் தந்த சீட்டு நீலப் பெட்டிக்குள்ள கிடந்தது. இதில அப்பிடியே எழுதுறன்: "கணக்கு வராட்டி அந்தக் கணக்குக்கே மூக்கும் மீசையும் கீறி வைப்பான். கொப்பியின்ர பின் பக்கத்தில எல்லா சேர்மாரும் இருக்கினம். அழுதுகொண்டு இருக்கிறவனைக் கீறிக் காட்டிச் சிரிக்க வைப்பான். இவன் பாலம் கட்டமாட்டான், பாலத்தைக் கீறுவான்."

அதைச் சிவப்புப் பேனையால வெட்டினது நான். "அமைதியும் திறமையும் மிக்க நாளைய பொறியியலாளர்" எண்டு நானே எழுதி அச்சகத்துக்குக் குடுத்தன். மற்ற 42 பேருக்கும் சொன்ன ஒண்டையும் என்ர பிள்ளைக்குச் செய்யேல்லை. மலர் வந்த அண்டு அந்தப் பெடியன் என்னைப் பாத்தவன். "ரீச்சர்" எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போட்டான். நீயும் ஒண்டும் கேக்கேல்லை. இப்ப நேற்று இரவு பேரை மூடிக்கொண்டு உன்ர பக்கத்தை வாசிச்சன். ஆரெண்டு தெரியேல்லை.

வேலை இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, போனை எடு. அப்பா ஒம்பது மணிக்குப் படுத்திடுவார், அதுக்குப் பிறகு எடுத்தால் நான் மட்டும்தான்.

வெள்ளிக்கு முதல் 90 சொல். அவன்ர முதலெழுத்து தி., சி. இல்லை. போனமுறை அதையும் பிழையா விட்டது நான்தான்.

அம்மா